குருக்கள்மடத்தைச் சூழ்ந்த நீர்நிலம்: மட்டக்களப்பு வாவியின் புவியியலும் நீரியலும்

முன்னுரை

ஆற்றுப் பள்ளத்தாக்கு எனும்போது எமது மனத்தில் எழுவது பெரும்பாலும் நைல் நதி காட்டும் தோற்றமேயாகும். மலைநாட்டிற் பிறந்த ஒரு நதி, அதன் இருமருங்கும் படிந்த வண்டல், அவ்வண்டலை நம்பி வாழும் மக்கள், இறுதியிற் கடலோடு கலக்குமிடத்திலே விரிந்த கழிமுகம் என்ற ஒழுங்கிலேயே பாடநூல்களும் அதனை விளக்குகின்றன. மட்டக்களப்புக் கரைக்கு இவ்வொழுங்கு பொருந்துவதில்லை. இங்கு பெருநதி ஒன்றில்லை. சிற்றாறுகள் பல மேற்கிலிருந்து இறங்கி வந்து, கடலைக் காணுமுன்னரே கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் ஒரு நீர்ப்பரப்பினுட் புகுந்துவிடுகின்றன. அந்நீர்ப்பரப்பே மட்டக்களப்பு வாவி. புவியியலாளர் இத்தகைய நீர்நிலையைக் கடனீரேரி என்பர். மக்கள் வழக்கிலே அது களப்பு. ஊரின் பெயரிலேயே அச்சொல் நிலைபெற்றுள்ளது.

பாடுமீன்களின் இசையால் இவ்வாவி உலகறிந்ததாயிற்று. 1848 ஆம் ஆண்டில் இங்கு வந்த எமேர்சன் ரெனன்ற் அவ்வொலியைப் பற்றித் தமது நூலில் எழுதிய காலந்தொட்டு அறிஞர் பலர் அதனை ஆராய்ந்துள்ளனர். எனினும் வாவிநீர் எங்கிருந்து வருகின்றது, எவ்வழியாற் போகின்றது, அதன் ஏற்ற இறக்கத்தால் யார் பயனடைகின்றனர், யார் இழக்கின்றனர் என்ற வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்கீற்றிலே அமைந்த குருக்கள்மடம் என்ற சிற்றூரை நோக்குநிலையாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம். இடையிடையே வட ஆபிரிக்காவின் நீர்நிலங்களையும் ஒப்புநோக்குவோம்.

நிலவமைப்பு

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே கல்முனை நோக்கிச் செல்லும் வீதியிலே ஆரையம்பதி, தாளங்குடா, புதுக்குடியிருப்பு, கிரான்குளம் ஆகிய ஊர்களைக் கடந்தால், ஏறத்தாழ இருபதாவது கிலோமீற்றரளவில் குருக்கள்மடத்தை அடைகின்றோம். அதற்குத் தெற்கே செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி எனக் கிராமங்கள் ஒரே நிரலில் தொடர்கின்றன. இந்நிரல் தற்செயலானதன்று. கிழக்கே கடல், மேற்கே வாவி. இடையே ஓரிரு கிலோமீற்றர் அகலமே கொண்ட மணல்மேடு. குடியிருப்பதற்கு வேறிடமில்லை. ஆகவே ஊர்கள் மணியிற் கோத்தாற்போல வீதியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைக்கு அண்மைவரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது. அதன் பரப்பு நூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. நீளத்தோடு ஒப்பிடுகையில் அதன் ஆழம் மிக அற்பமானது. பெரும்பகுதியில் ஓர் ஆளுயரத்தைத் தாண்டுவதில்லை. நீரியல் நோக்கில் இஃது ஓர் ஆழ்ந்த ஏரியன்று. அகன்ற ஒரு தட்டு. தட்டில் ஊற்றிய சிறிதளவு நீரும் விரைவிற் பரவும், விரைவில் ஆவியாகும், விரைவிற் கரைமீறும். வாவியின் இயல்புகள் பலவற்றுக்கு இவ்வாழமின்மையே அடிப்படை.

இக்கரையின் தோற்றத்தை அறியச் சற்றுப் பின்னோக்குதல் வேண்டும். ஏறக்குறைய இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றுள்ளதிலும் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் உயர்ந்து, அக்காலத்து ஆற்றுப் பள்ளங்களின் வாய்களினுட் புகுந்தது. ஏறத்தாழ ஆறு ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வேற்றம் தணிந்தபின், அலைகள் மணலைக் கரையோரமாகக் கடத்திச் சென்று குவித்துத் திட்டுகளை எழுப்பின. திட்டுகள் நீண்டு ஒன்றோடொன்று இணையக் குடாக்கள் கடலிலிருந்து பிரிந்து களப்புகளாயின. இவ்வகையில் நோக்கின் குருக்கள்மடம் கடல் கட்டிய நிலத்தில் அமைந்தது. எதிர்க்கரையிலுள்ள அம்பிளாந்துறையோ பழமையான விசயன் தொகுதிப் பாறைகளின்மேல் ஆறுகள் படியவிட்ட மண்ணைச் சார்ந்தது. ஒரு கரை மணல், மறுகரை களியும் வண்டலும்.

இவ்வேறுபாட்டை மக்கள் தமக்கேயுரிய இரு சொற்களால் நெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்துவிட்டனர். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. அது படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிலே தென்னை, வெற்றிலை, தோட்டப் பயிர், கடற்றொழில், நெருக்கமான குடியிருப்பு. படுவான்கரையிலே வயல்வட்டைகள், மாட்டுப் பட்டிகள், காடு. எழுவான்கரையில் வாழ்ந்து படுவான்கரையில் வெள்ளாமை செய்தல் பல தலைமுறைகளாக இப்பிரதேசத்து வழக்கம். நிலவுடைமையாளரான போடிமார் எழுவான்கரையில் வீடு கொண்டிருக்க, வயலிலே வாடியமைத்துத் தங்கி உழைத்தவர் பெரும்பாலும் நிலமற்ற வேளாண் தொழிலாளரேயாவர். எனவே இரு கரைகளுக்கிடையிலான வேறுபாடு மண்ணின் வேறுபாடு மாத்திரமன்று. உழைப்பின் பிரிவினையும் அதனுள் அடங்கியுள்ளது.

மழையும் காற்றும்

மட்டக்களப்புக்கு ஆண்டொன்றில் ஏறக்குறைய 1,700 மில்லிமீற்றர் மழை கிடைக்கின்றது. இவ்வளவு மழை பெறும் ஓரிடத்தை வரண்ட வலயத்தில் ஏன் சேர்க்கின்றனர் என்று கேட்கலாம். மழையின் அளவைக் காட்டிலும் அது பெய்யும் காலத்திலேயே விடை உள்ளது. மொத்த மழையில் முக்காற்பங்களவு ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடைப்பட்ட ஐந்து மாதங்களில் பெய்துவிடுகின்றது. அதிலும் வடகீழ்ப் பருவக்காற்று வலுப்பெறும் நவம்பர், திசெம்பர் மாதங்களே பெருமழைக் காலம். வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும் புயல்களும் இம்மழையைச் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்க்கவும் கூடும். 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், 2011 சனவரி, பெப்ரவரி மாதங்களிலே அடுத்தடுத்து வந்த வெள்ளங்களும் இதற்குச் சான்று.

மே மாதத்துக்குப் பின்னர் நிலைமை முற்றிலும் மாறுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் இழந்து, உலர்ந்து வெம்மையுற்றுக் கிழக்கே இறங்குகின்றது. இதனையே இங்குள்ளோர் கச்சான் காற்று என்பர். இக்காலத்தில் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றரளவு நீர் ஆவியாகின்றது எனக் கொண்டால், மாதமொன்றில் வாவியின் மட்டத்திலிருந்து 150 மில்லிமீற்றர் குறைகின்றது. பரப்பை நூறு சதுர கிலோமீற்றர் எனவே கொள்ளினும் இது ஒன்றரைக் கோடி கன மீற்றர் நீராகும். ஆழமற்ற தட்டுக்கு இஃது அற்ப இழப்பன்று.

நைலின் தாழ்நிலத்தோடு இதனை ஒப்பிடுதல் பயன்தரும். எகிப்திலே மழை மிகச் சொற்பம். ஆயினும் எதியோப்பிய மேட்டுநிலத்துக் கோடைமழையால், ஆண்டின் வெப்பம் மிகுந்த காலத்திலேயே அங்கு வெள்ளம் வந்து சேர்ந்தது. வானம் வறண்டிருக்கையில் ஆறு நிறைந்தது. எமது வாவிக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் ஆறுகள் யாவும் ஒரே பருவக்காற்றை நம்பியவை. வயலில் மழை பெய்யும் வேளையிலேயே ஆற்றிலும் வெள்ளம் வருகின்றது. மிகையும் ஒரே வேளையில், குறையும் ஒரே வேளையில். இவ்விரண்டையும் சமன்செய்வதற்காகவே இந்நாட்டு உழவர் குளங்களைக் கட்டினர்.

நீர்வரவும் நீர்ச்செலவும்

வாவிக்கு மேற்கிலிருந்து வரும் நீரிலே உன்னிச்சைக் குளத்தின் வழியாக வரும் மகிழவெட்டுவான் ஆறும், தென்மேற்கே நவகிரி ஆறும் குறிப்பிடத்தக்கவை. இவற்றோடு பெயரில்லாச் சிற்றோடைகளும் வயல் வடிகால்களும் சேர்கின்றன. மழைக்காலத்திலே இந்நீர்வரவு எத்துணை விரைவில் வாவியை உயர்த்தும் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஆயிரம் சதுர கிலோமீற்றர் வடிநிலத்தில் ஒரு நாளில் நூறு மில்லிமீற்றர் மழை பெய்து, அதிற் பாதி ஓடி வருவதாகக் கொள்வோம். அஃது ஐந்து கோடி கன மீற்றர். நூறு சதுர கிலோமீற்றர் வாவியிலே, வெளியேற வழியில்லையேல், அந்நீர் அரை மீற்றர் உயர்வை ஏற்படுத்தும். படுவான்கரையின் தாழ்ந்த வயல்களை மூழ்கடிக்க அரை மீற்றர் போதும். மழை இருநாள் நீடிப்பின் விளைவு இருமடங்காகும்.

ஆகவே வெள்ளத்தின் கொடுமையை மழையளவு மாத்திரம் தீர்மானிப்பதில்லை. வெளியேறும் வாயில் திறந்துள்ளதா, எவ்வளவு அகலமாகத் திறந்துள்ளது என்பதும் அதனைத் தீர்மானிக்கின்றது.

முகத்துவாரம்

வாவிக்குக் கடலோடு இரு தொடர்புகள் உள்ளன. ஒன்று மட்டக்களப்பு நகருக்கு அண்மையிலுள்ள பாலமீன்மடு முகத்துவாரம். மற்றையது தெற்கே கல்லாற்றுப் பகுதியிலுள்ளது. குருக்கள்மடம் இவ்விரண்டுக்கும் இடையில் அமைந்துள்ளமையால் கடலின் ஏற்றவற்றம் அங்கே மிக மெலிந்தே உணரப்படும். எமது கிழக்குக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானதாகலின், உட்பகுதிக்குச் செல்லச் செல்ல அது ஏறக்குறைய மறைந்தேவிடுகின்றது. அங்கு நீர்மட்டத்தை மாற்றுவன மழையும் காற்றும் முகத்துவாரத்தின் நிலையுமேயாம்.

கடலலை கரைக்குச் சாய்வாக வந்து மோதுகையில் மணலைக் கரைவழியே நகர்த்துகின்றது. வரண்ட காலத்திலே வாவியிலிருந்து வெளிப்பாயும் நீர் வலுவிழப்பதனால், அலை கொணரும் மணலை அதனால் ஒதுக்க இயலாது; வாயிலின் குறுக்கே மணற்றடை வளர்ந்து இறுதியில் மூடிவிடுகின்றது. மாரியில் வாவி நிறைந்ததும் நீர் தடையை உடைத்துக்கொண்டு பாய்கின்றது. அல்லது மனிதர் அதனை வெட்டிவிடுகின்றனர். உடைந்தவுடன் பாயும் வேகமே வாய்க்காலை அகழ்ந்து அகலப்படுத்துகின்றது. ஆகவே முகத்துவாரத்தைத் திறந்து வைத்திருப்பது வெள்ளமே.

முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற வினாவிலேதான் சமூக முரண்பாடு வெளிப்படுகின்றது. படுவான்கரையிலே மாரி வெள்ளாமை செய்தவன் நீர் உயரத் தொடங்கியவுடனேயே வெட்ட வேண்டுமென்பான். ஒருநாள் தாமதம் அவனுடைய பயிரையும் பட்ட கடனையும் தீர்மானிக்கும். வாவியில் வலைவீசுவோனின் கணக்கு வேறு. இறால் கடலிலே முட்டையிட்டுப் பெருகுவது; அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தினூடே களப்பினுட் புகுந்து, கண்டல் வேர்களிடையே வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கொடுவா, மணலை முதலிய மீன்களும் இருநீரிலும் வாழ்பவை. வாயில் உரிய காலத்திலே திறந்திருத்தலும், உவர்நீரும் நன்னீரும் உரிய அளவிற் கலத்தலும் அவனுக்கு வேண்டும். அகாலத்தில் வெட்டினால் வாவி விரைந்து வடிந்து, கரையோரத்து ஆழமற்ற மேய்ச்சலிடங்கள் வெளிப்பட்டுவிடும். நெடுங்காலம் மூடிக்கிடந்தாலோ நன்னீர் மிகுந்து ஆற்றுவாழை படர, வலையும் தோணியும் செல்லவியலாமற் போகும்.

இவ்விருவரும் வேறுவேறு வர்க்கத்தினரல்லர். பெரும்பாலும் இருவரும் உழைத்துண்பவரே. சில வேளைகளில் ஒரே குடும்பத்தவரே. முரண்பாடு அவர்களிடையே இயல்பாக அமைந்ததொன்றன்று. வெட்டும் முடிவு வெள்ளம் தலைக்குமேல் வந்தபின் அவசரத்தில் நிர்வாகத்தால் எடுக்கப்படுவதும், நீர்மட்ட அளவுகள் ஆண்டுதோறும் ஒழுங்காகப் பதிந்து யாவரும் அறிய வைக்கப்படாமையுமே அதனைக் கூர்மையாக்குகின்றன. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் ஆள்பதி ஹென்றி வார்ட் காலத்தில் இயற்றப்பட்டபோது, குளத்து நீரைப் பங்கிடும் பழைய ஊர்வழக்கங்களுக்கே அது மீண்டும் வலுக்கொடுத்தது. குளத்து நீருக்கு வட்டைவிதானையும் உழவர் கூட்டமும் இருந்தனர். வாவிநீருக்கு அத்தகைய பொதுச்சபை எதுவும் சட்டத்தால் அக்காலத்தில் அமைக்கப்படவில்லை.

மணலின் கீழ் நன்னீர்

எழுவான்கரையில் இருபுறமும் உப்புநீர் இருக்க, குருக்கள்மடத்துக் கிணறுகளில் நன்னீர் எவ்வாறு கிடைக்கின்றது? மணல்மேட்டில் விழும் மழை உடனடியாக உள்ளிறங்கிவிடுகின்றது. நன்னீர் கடல்நீரிலும் அடர்த்தி குறைந்தது. 1,000 பங்குக்கு 1,025 பங்கு என்ற விகிதம். எனவே அது உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லையைப் போல மணலினுள்ளே நிற்கின்றது. 1888 இல் ஒல்லாந்தப் பொறியியலாளர் கீபனும் 1901 இல் செருமானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நிற்பின், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர்வரை நன்னீர் தங்கக்கூடும். மணற்படையின் தடிப்பும் அடிப்பாறையும் இவ்வாழத்தைக் குறைக்கக்கூடும். ஆயினும் விதியின் மறுபக்கமே எமக்கு முக்கியமானது. மேல்மட்டத்தை இறைத்து ஒரு சாண் குறைத்தால், கீழிருந்து உவர்நீர் அதன் பன்மடங்கு மேலெழும்.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்திலே மனித வலுவே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை அகற்றிற்று. களுதாவளை போன்ற ஊர்களில் வெற்றிலையும் காய்கறிகளும் செழித்து வளர்வதற்கு இக்கிணறுகளே ஆதாரம். ஆயின் மணல் எதனையும் தடுத்து நிறுத்துவதில்லை. பயிருக்கு இட்ட உரமும் வீட்டு மலக்குழியின் கழிவும் மழைநீரோடு சேர்ந்து அதே வில்லையைத்தான் சென்றடைகின்றன.

2004 திசெம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இவ்வுண்மையைக் கொடிய முறையில் உணர்த்திற்று. கடல்நீர் நிறைந்த கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்துச் சுத்தஞ்செய்யும் முயற்சிகள் பரவலாக நடைபெற்றன. மெல்லிய நன்னீர் வில்லையின் மீது அளவுகடந்து இறைத்தால் உவர்நீரே மேலும் ஈர்க்கப்படும் என்பதை அக்காலத்து ஆய்வுகள் எச்சரித்தன. கிணறுகளைப் பெரிதும் மீட்டது அடுத்தடுத்த மாரிமழையேயாகும். பின்னர் உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்துக் குழாய்வழியே வாவிக்குக் கிழக்கே கொண்டுவரும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. குடிநீர்த் தட்டுப்பாட்டுக்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. எனினும் எழுவான்கரையின் தாகம் இப்போது படுவான்கரைக் குளத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. வயலுக்கு வேண்டிய நீரும் குடிக்க வேண்டிய நீரும் ஒரே குளத்திலிருந்து கேட்கப்படுகின்றன.

அணையும் வாவியும்

1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின்கீழ், பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் எழுப்பப்பட்ட அணை கிழக்கின் நீரியலை மாற்றியமைத்தது. அதனாலான சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 95 கோடி கன மீற்றர்; வாவி முழுவதையும் பல மீற்றர் உயரத்துக்கு நிரப்பத்தக்க நீர் இது. பட்டிப்பளை ஆறு நேரே கடலிற் கலப்பது, வாவிக்குரியதன்று. ஆயினும் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால் வடக்கு நோக்கி நீரைக் கொணர்ந்து வயல்களுக்குப் பாய்ச்ச, அவ்வயல்களின் வடிநீர் வாவியின் தென்பகுதியை அடைகின்றது. ஒரு வடிநிலத்து நீர் இவ்வாறு இன்னொரு வடிநிலத்துக்கு மாற்றப்பட்டது. சிறுபோக காலத்திலே, கச்சான் வீசி வாவி உவர்க்க வேண்டிய மாதங்களில், வயல் வடிநீர் அதனுள் வந்து சேர்கின்றது. அதனோடு உரமும் பூச்சிகொல்லியும் வருகின்றன. வாவியின் தென்பாகம் தன் பழைய பருவ ஒழுங்கை இழப்பது இதிலிருந்து எதிர்பார்க்கத்தக்கதே.

இதனை ஒத்ததும் ஆனால் எதிர்த்திசையில் நிகழ்ந்ததுமான ஒரு மாற்றத்தை வட ஆபிரிக்காவிலே காண்கின்றோம். துனீசியாவின் பெருநதியான மெஜெர்தாவுக்கு வடபால் இஷ்கூல் என்ற ஏரி உள்ளது. மாரியில் ஆறுகள் தரும் நன்னீரால் நிறைந்து, கோடையில் தின்ஜா வாய்க்கால் வழியே பிசேர்த்தாக் கடனீரேரியின் உவர்நீரைப் பெறுவது அதன் இயல்பு. இவ்விரு பருவ மாற்றத்தால் வளர்ந்த நீர்ப்பூண்டுகளை நாடிப் பல்லாயிரம் பறவைகள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. 1980 இல் அஃது உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆறுகளின் மேல் அணைகள் எழ, நன்னீர் வரவு குன்றி, ஏரி உவர்த்து, பூண்டும் நாணலும் அழிந்தன. 1996 இல் அது ஆபத்திலுள்ள மரபுரிமைத் தலங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதன்பின் நல்ல மழைக்காலங்களோடு, வேளாண்மையையும் நகரையும்போல ஏரியையும் நீர் பெறும் உரிமையுள்ள ஒரு நுகர்வோனாகக் கொண்டு அணைநீரிற் பங்கு விடும் கொள்கையும் துணைநிற்க, 2006 இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இஷ்கூல் நன்னீரை இழந்தது. எமது வாவியின் தென்பகுதி பருவமல்லாப் பருவத்தில் நன்னீர் பெறுகின்றது. திசை வேறாயினும் இழக்கப்பட்டது ஒன்றே: உவர்ப்பும் நன்மையும் மாறிமாறி வரும் தாளம்.

அணையின் பாதிப்பு நீரோடு முடிவதன்று. 1970 இல் நிறைவெய்திய அசுவான் உயரணை வண்டலைத் தன்னகத்தே தடுத்துக்கொண்டதன் பின்னர், நைல் கழிமுகத்தின் கரைகள் கடலால் அரிக்கப்பட்டன. எமது கிழக்குக் கரையிலும் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கின்றது. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் இந்நகர்வை மறித்தமையால் துறைமுக வாயில் மணலால் தூர்ந்ததும், வடபால் நிந்தவூர்வரை கரை அரிக்கப்பட்டதும் யாவரும் அறிந்ததே. ஆறு தரும் மணல் அணையிலும், கரைவழி வரும் மணல் துறைமுகத்திலும் தடைப்படுமாயின், கடல் கட்டிய எழுவான்கரை நிலத்துக்குப் புதுமணல் எங்கிருந்து வரும் என்ற வினா குருக்கள்மடத்து மக்களையும் சார்ந்ததேயாகும்.

துறையும் வீதியும்

நீரின் அமைப்பு மனிதர் போக்குவரத்தையும் வகுத்தது. 1924 இல் கல்லடியில் அமைந்த சீமாட்டி மனிங் பாலம் நகரை எழுவான்கரையோடு இணைத்தது. அதனருகே புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. தெற்கே பட்டிருப்பிலும் பாலம் உண்டு. இவற்றுக்கிடையே மக்கள் தோணியையும் 'பாதை' எனப்படும் மிதவையையுமே நம்பினர். மண்முனைத்துறையிலே 2014 இல் தான் பாலம் அமைந்தது. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடைப்பட்ட துறையிலும் பல தலைமுறைகளாகப் பாதையே மாணவரையும் ஆசிரியரையும் நெல்லையும் நோயாளரையும் கடத்திற்று. வெள்ளமோ கடுங்காற்றோ வந்தால் துறை அடைபடும்; வைத்தியசாலை அக்கரையில் நிற்கும்.

போர்க்காலத்தில் வாவியே எல்லையாயிற்று. 2007 வரை படுவான்கரை பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும், எழுவான்கரை வீதி அரச படையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்த காலம் நீண்டது. 1987 சனவரியிலே கொக்கட்டிச்சோலைப் பகுதியின் மகிழடித்தீவு இறாற் பண்ணையைச் சூழ அரச படையினராற் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 1990 யூலையிலே இவ்வீதிவழியாகக் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டு விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒரேயொரு வீதிதான் உள்ளது. அதில் மறிக்கப்பட்டவர் விலகிச்செல்ல வேறு வழியில்லை. கொலைகளுக்குப் பொறுப்பு நிலத்தினுடையதன்று, மனிதருடையதே. எனினும் இந்நிலத்தைப் பற்றி எழுதுவோர் அவற்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மணற்கீற்றில் ஒரே நன்னீர் வில்லையைப் பகிர்ந்து வாழ்கின்றனர் என்பதும் இந்நிலத்தின் உண்மையே.

எல்லைகளும் சட்டமும்

வடிநிலம் ஒன்றாயிருக்க, நிர்வாகம் பலவாயுள்ளது. 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, கல்லோயாத் திட்டத்தின் தலைப்பகுதியும் வாவியும் வெவ்வேறு மாவட்டங்களுக்கு உரியனவாயின. வாய்க்காலைத் திறப்பவர் ஓரிடத்தில். அதன் வடிநீரைப் பெறுபவர் வேறிடத்தில். மாகாண எல்லையைக் கடந்து செல்லும் ஆறுகள் மத்திய அரசின் அதிகாரத்துள் அடங்குவன.

சட்டத்தின் பார்வை இதனினும் குறுகியதாயிருந்தது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் களப்புகளைப் பொறுத்தவரை, முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி இரண்டு கிலோமீற்றரையே கரையோர வலயமாக வரையறுத்தது. அவ்வரையறைப்படி குருக்கள்மடத்தின் கடற்கரை வலயத்தினுள் இருந்தது. அதன் வாவிக்கரையோ, இரு முகத்துவாரங்களுக்கும் தொலைவிலிருந்தமையால், வெளியே நின்றது. 2011 ஆம் ஆண்டுத் திருத்தமே களப்புகளின் விளிம்பிலும் ஒரு குறுகிய கீற்றை வலயத்துட் கொணர்ந்தது. கண்டலும் தில்லையும் வெட்டப்பட்டுக் கரை நிரப்பப்படுவதைத் தடுப்பதற்கு இது முதற்படியேயன்றி முடிவன்று. நீரின் அளவையும் தரத்தையும் பற்றி அவ்விளிம்பு எதுவும் பேசுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மட்டக்களப்பு வாவியை ஆறு, குளம், வயல், நிலத்தடி நீர், முகத்துவாரம், கரைமணல் ஆகிய அனைத்தும் இணைந்த ஒரே நீரியல் தொகுதியாக நோக்குதல் வேண்டும். இவற்றுள் ஒன்றைத் திருத்துவோர் ஏனையவற்றையும் மாற்றுகின்றனர். இரண்டாவதாக, முகத்துவாரத்தை வெட்டும் காலத்தையும் மட்டத்தையும் மாரிக்கு முன்னரே உழவரும் மீன்பிடிப்போரும் அதிகாரிகளும் ஒன்றிருந்து தீர்மானிக்கும் ஓர் அவை வேண்டும். அதற்கு அடிப்படையாகப் பாலமீன்மடு, குருக்கள்மடம், பட்டிருப்பு, கல்லாறு ஆகிய இடங்களிலே நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் நாள்தோறும் அளந்து யாவரும் காண எழுதி வைத்தல் வேண்டும். அளவுகோல் நாட்டுதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒவ்வோர் ஊர்ப் பாடசாலையும் அதனைச் செய்யக்கூடும். மூன்றாவதாக, குளத்து நீரைப் பங்கிடும்போது வயலையும் குடிநீர்க் குழாயையும் போல வாவியையும் ஒரு பங்காளியாகக் கணக்கில் எடுத்தல் வேண்டும். துனீசியா அப்பாடத்தைக் கற்றது தன் ஏரியை ஏறக்குறைய இழந்த பின்னரே.

கடல் கட்டிய மணற்கீற்றின்மேல் எழுவான்கரை வாழ்கின்றது. ஆறு தந்த வண்டலின்மேல் படுவான்கரை விளைகின்றது. நடுவே கிடக்கும் ஆழமற்ற தட்டிலே இரண்டின் இலாப நட்டங்களும் வந்து சேர்கின்றன. அத்தட்டின் கணக்கை எழுதும் பொறுப்பை வெள்ளம் வரும் நாளில் அலுவலகங்களிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது. அதனை அளப்பதும், அளந்ததை அங்கு உழைக்கும் மக்களிடம் திருப்பிக் கொடுப்பதும் பல்கலைக்கழகப் புவியியலின் உடனடிக் கடமைகளுள் ஒன்றாகும்.